லார்ட் ஹவ் தீவில் மீசைக்கு வந்த சோதனை

ஸ்கூபா கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்கு ஒரே எதிரி என் மீசைதான். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கின் ரப்பர் ஓரம் மேலுதட்டில் அழுந்தி ஒட்ட வேண்டிய இடத்தில் இது புதர் மாதிரி நிற்கும். மயிரிழைகளுக்கு இடையே தண்ணீர் கசிந்து, பத்து நிமிடத்தில் மூக்கு வரை நிறைந்துவிடும். மூக்கால் ஊதி வெளியேற்றலாம்தான். ஆனால் ஊதுகிற ஒவ்வொரு மூச்சும் முதுகிலுள்ள சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும்.

லார்ட் ஹவ் தீவின் முதல் டைவிலும் இதே கதை. நாற்பது நிமிடம் இருக்க வேண்டியவன் இருபத்தாறாவது நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். படகில் ஏறியதும் எங்கள் வழிகாட்டிப் பெண் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் வழித்துவிடுங்கள், போதும்" என்றார். அன்றிரவு கண்ணாடி முன் நின்று, மீசையின் மேல் விளிம்பில் சின்னதாக ஒரு வரப்பு வெட்டினேன். "இத்தனை வருஷம் நான் சொன்னா கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

லார்ட் ஹவ், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, டாஸ்மன் கடலில் கிடக்கும் பிறை வடிவத் தீவு. சிட்னியிலிருந்து சின்ன விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். எந்த நேரத்திலும் தீவில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்க முடியாது. கைபேசி சிக்னல் கிடையாது, எங்கு போவதென்றாலும் சைக்கிள்தான். இருக்கிற சில கார்களுக்கும் 25 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. செலவைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆஸ்திரேலியாவிலேயே விலை கூடிய இடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே முங்குவதில் என்ன விசேஷம்? உலகின் தென்கோடிப் பவளத்திட்டு இதுதான். வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் தெற்கின் குளிர்ந்த நீரும் சந்திக்கிற இடம். அதனால் வெப்பக் கடலில் வளர வேண்டிய பவளமும், குளிர்ந்த கடலின் பாசியும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. முதலில் பார்க்கும்போது, யாரோ இரண்டு வேறு கடல்களைக் கத்தரித்து ஒட்டியது போல இருந்தது. நாங்கள் போனது மார்ச்சில். தண்ணீர் 24 டிகிரி. கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் காற்றைவிட நீர் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெட்சூட் என்ற ரப்பர் உடை, 5 மில்லிமீட்டர் தடிமன், அதற்குள்ளும் இரண்டாவது டைவின் முடிவில் பல் தந்தியடித்தது.

இரண்டாம் நாள் அட்மிரால்டி தீவுகள். முக்கியத் தீவுக்கு வடக்கே துருத்திக்கொண்டிருக்கும் எரிமலைப் பாறைகள். மேலே பறவைகள், கீழே வளைவுகள், குகைகள். வரப்பு வெட்டிய மீசையோடு இறங்கினேன். பத்து நிமிடம் ஆயிற்று, கண்ணுக்குக் கீழே தண்ணீர் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, இதுவரை நான் கடலைப் பார்க்கவே இல்லை, மாஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 2.8 மடங்கு, அதனால் காற்றும் 2.8 மடங்கு வேகத்தில் தீரும். பதறினால் இன்னும் சீக்கிரம். பதறாமல் இருக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு சவரக் கத்தி.

அங்கேதான் 'டபுள்ஹெட்டர்' என்ற மீனைப் பார்த்தேன். வயதான ஆண் மீனின் நெற்றியில் பெரிய புடைப்பு, இரண்டாவது தலை முளைத்தது போல. இந்தப் பக்கத்துக் கடலைத் தாண்டி வேறெங்கும் அவ்வளவாகக் கிடையாது. பயம் என்பதே இல்லாமல் முகத்துக்கு நேரே வந்து நின்று, மாஸ்க் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்று பாடத்தில் படித்தது, கலாபகஸ் சுறா ஒன்று கடந்து போனபோதுதான் ஞாபகம் வந்தது. குட்டிச் சுறா என்று அப்புறம் சொன்னார்கள். சரி, குட்டிதான்.

காலையில் டைவ், மதியம் லிட்ஜ்பர்ட் மலைச் சரிவில் ஏற்றம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். வழிகாட்டி ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும். மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடா பாட்டில் கதிதான். விமானத்துக்கும் இதே விதி. தொடர்ந்து பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 777 மீட்டர் மலைதானே, விமானமா என்றேன். "மலைக்கும் கால் வைத்த உயரம்தான் கணக்கு, டிக்கெட் வாங்கினீர்களா என்று நைட்ரஜன் கேட்காது" என்றார்.

இந்த 18 மணி நேரம்தான் கடைசியில் எங்களைக் கவிழ்த்தது. வந்ததே பால்ஸ் பிரமிட்டுக்காக. தீவிலிருந்து 23 கிலோமீட்டர் தென்கிழக்கே, கடலிலிருந்து 550 மீட்டருக்கு மேல் கத்தி போல எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை. மற்ற இடங்களில் ஆழத்தில் மட்டும் வாழும் பலினா ஏஞ்சல் மீனை அங்கே டைவர்கள் எட்டும் ஆழத்திலேயே பார்க்கலாம். மூன்றாம் நாள் போக ஏற்பாடு. விடிந்தால் தென்கிழக்குக் காற்று, திறந்த கடலில் வெள்ளை நுரை. படகு போகாது. நான்காம் நாளும் அதே காற்று.

அந்த இரண்டு நாளும் மேற்குப் பக்கத்துக் காயலில் கழிந்தன. பவளத்திட்டு மதில் போல அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே குளத்துத் தண்ணீர். ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு முகம் குப்புற மிதந்தால் போதும், இரண்டு மூன்று மீட்டர் அடியில் எல்லாம் இருக்கிறது. கரையோரம் சில பவளங்கள் செத்துச் சாம்பல் பூத்துக் கிடந்தன. 2019 கோடையில் நீர் சூடேறி, இங்கேயும் பவளங்கள் வெளுத்தன. கொஞ்சம் உள்ளே போனால் உயிரோடு இருப்பவை.

ஒரு கடல் சாமந்தி (பூ மாதிரி இருக்கும் கடல் விலங்கு, அனிமோன்) மேல் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். அதில் குடியிருந்தது மெக்கல்லக்ஸ் அனிமோன் மீன். காவிக்கறுப்பு உடம்பு, கன்னத்தில் வெள்ளைப் பட்டை, வெள்ளை வால். இந்தத் தீவும் சுற்றுவட்டாரத் திட்டுகளும்தான் இதன் உலகம். பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். என் நிழல் விழுந்ததும் அந்த அம்மா வெளியே வந்து என் கண்ணாடியை முட்டியது. என் விரல் நீளம்கூட இல்லை. விலகினேன், திரும்பிப் போயிற்று. மறுபடி நகர்ந்தேன், மறுபடி வந்தது. நான்கு தடவை.

ஐந்தாம் நாள் காற்று நின்றது. கடல் கண்ணாடி. அன்று மாலை எங்கள் விமானம்! காலையில் சைக்கிளில் துறையைக் கடந்தபோது படகில் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி கையசைத்தார், அப்புறம் மேலுதட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பிரமிட்டுக்குத்தான் போகிறார்கள் என்று கேட்காமலே தெரிந்தது. எதுவும் பேசாமல் மிதித்தோம்.

எதிர்ப்பக்கம் நெட்ஸ் பீச். மணலோரம் ஒரு சின்னக் கொட்டகை, உள்ளே மாஸ்க், காலில் மாட்டும் ஃபின், வெட்சூட். ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு உண்டியலில் காசு போட வேண்டியதுதான். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதே மடவைகள் காலைச் சுற்றிவிட்டன. பின்னாலேயே கிங்ஃபிஷ், கை நீளத்துக்கு. மனைவி கீச்சிட்டுக் கொண்டே நின்றாள். நான் குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். அரை மீட்டர் ஆழத்தில், அலை புரட்டும் மணலுக்கு நடுவே, புடைத்த நெற்றியோடு ஒரு டபுள்ஹெட்டர் என் பாதத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மாஸ்க்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.