மனதை உலுக்கும் படங்களோடு படிப்பது எப்படி?

இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வுக்கு வரலாறு எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும், வேலை பார்த்துக்கொண்டே யூனிசா தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கும் நம்மவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்தவள்தான். உணர்ச்சியைத் தூண்டும் படங்கள் கவனத்தை என்ன செய்கின்றன என்ற பகுதியை அப்போது தேர்வுக்காகத்தான் படித்தேன். இன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதுதான் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது.

1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சொவேட்டோவில், மாணவர் ஊர்வலத்தின்போது சாம் ன்சிமா எடுத்த புகைப்படம் உங்களுக்குத் தெரியும். சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை எம்புயிசா மகுபு ஏந்தி வருகிறார், பக்கத்தில் அக்கா அன்டோனெட் கதறிக்கொண்டு ஓடி வருகிறார். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்பேன். அக்காவின் கை எப்படி உயர்ந்திருக்கிறது என்பது வரை சொல்வார்கள். மாணவர்கள் ஏன் ஊர்வலம் போனார்கள் என்று கேட்டால் தயங்குவார்கள். கணிதம், சமூகப் பாடம் போன்றவற்றை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நடத்தச் சொன்ன 1974 ஆணை அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கும். கண் அங்கே போயிருக்காது.

பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்ட இதில் ஒன்றுமில்லை. மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. பயம், ரத்தம், அழுகை எதைக் கண்டாலும் கவனம் முதலில் அங்கே ஓடுகிறது. படத்தின் நடுவில் இருப்பது ஆழமாகப் பதிகிறது, சுற்றியிருப்பது மங்கிப்போகிறது. துப்பாக்கி காட்டி மிரட்டப்பட்டவருக்குத் துப்பாக்கி நினைவிருக்கும், மிரட்டியவன் முகம் அவ்வளவாக நினைவிருக்காது.

அடுத்து வருவதும் அடிபடுகிறது. 2005இல் உளவியல் ஆய்வாளர் ஸ்டீவன் மோஸ்ட் குழுவினர் படங்களை நொடிக்குப் பத்து என்ற வேகத்தில் ஓடவிட்டு, அவற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கொடூரமான படம் ஒன்று வந்து 0.2 நொடியில் தேட வேண்டிய படம் வந்தால், பலர் அதைப் பார்க்காமலே விட்டார்கள். 0.8 நொடி இடைவெளி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

உளவியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உணர்ச்சி நினைவாற்றலைக் கூட்டும்’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். எதன் நினைவு கூடுகிறது, எதை விலையாகக் கொடுத்து என்பதையும் எழுதுங்கள். உணர்ச்சி மிகுந்த நினைவுகள் பதிவதில் மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஊர்பாக்-வீத்தே என்ற அரிய பரம்பரை நோய் நார்தர்ன் கேப்பின் நமக்வாலாந்தில் மற்ற இடங்களைவிட அதிகம். அந்த நோய் வந்தவர்களில் பலருக்கு அமிக்டலாவில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது பழுதாகிவிடும். அமிக்டலா பழுதானால் உணர்ச்சியும் நினைவும் என்ன ஆகின்றன என்று பார்க்கத்தான் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அங்கே வருகிறார்கள்.

சரி, படிக்கும் மேசையில் என்ன செய்வது? முதலில் எழுத்தைப் படியுங்கள், படத்தைக் கையால் மூடிக்கொண்டுகூட. காரணம், தேதி, விளைவு மூன்றையும் சொந்த வார்த்தையில் எழுதிய பிறகு படத்தைத் திறந்து, அந்த வரிகளைப் படத்தின் ஓரத்திலேயே எழுதி ஒட்டுங்கள். அப்போது படம் இழுக்கும் கவனம் பாடத்துக்கும் வந்து சேரும்.

நீங்களே குறிப்பு தயாரிக்கும்போது அழகுக்காகப் படம் சேர்க்க வேண்டாம். ஹார்ப், மேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தில் மின்னல் தாக்கியவர்களின் கதைகளையும் படங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். சுவாரசியம் கூடியது, பாடம் புரிவது குறைந்தது. விளக்கத்துக்கு உதவும் படம் வேறு, பார்ப்பவரை உலுக்குவதற்காகச் சேர்த்த படம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். அப்புறம், இடைவேளையில் போனில் விபத்து வீடியோ பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

தேர்வு அறையில் மூல ஆவணக் கேள்வியில் புகைப்படம் வந்தால், கேள்வியையும் படத்தின் கீழே உள்ள குறிப்பையும் முதலில் படியுங்கள். யார் எடுத்தது, எப்போது, எந்தப் பத்திரிகைக்கு, படத்தில் வராமல் வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆவணம் எவ்வளவு பயனுள்ளது, அதன் எல்லை என்ன என்று கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு அங்கேதான் விடை கிடைக்கும்.