காலை இருபது நிமிடம்: கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் தாளம், ஒரு குருகு

பிள்ளைகள் இருவரையும் வீட்டில்தான் படிக்கவைக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு பாடம் முடிந்த அடுத்த நொடி "அடுத்து என்ன?" என்பார்கள். முடித்ததைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. காலையில் முதல் வேலையாகக் கொஞ்சம் கவிதை, கொஞ்சம் இசை, கொஞ்சம் சும்மா இருந்து கவனிப்பது என்று வைத்துப் பார்ப்போமே என்று தொடங்கினேன். பத்து வாரம் ஆகிறது. அவ்வப்போது நோட்டில் கிறுக்கிவைத்ததை இங்கே கோத்து எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம்

சொதப்பல். கவிதைக்கு 15 நிமிடம், இசைக்கு 15, மௌனத்துக்கு 15 என்று வண்ணப் பேனாவில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். கவிதையை வாசித்தேன், அருஞ்சொற்களுக்குப் பொருள் சொன்னேன், "கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?" என்று கேட்டேன். மகள் பரீட்சைக்கு எழுதுவது போல ஒரு பதில் சொன்னாள். மகன் மேஜைக்கு அடியில் போய்விட்டான். பாட்டை ஓடவிட்டால் இருவரும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். முடிந்ததும் என்ன கேட்டீர்கள் என்றேன். "பாட்டு" என்றான் மகன். அது சரிதான்.

மௌனம் இன்னும் மோசம். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். அவன் சிரித்தான், அவள் சிரித்தாள், கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதியது ஒன்று அந்த நாட்களில் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அலைபாயும் கவனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துவரும் திறமையை வளர்ப்பதுதான் கல்வியிலேயே உயர்ந்த கல்வி என்று அவர் சொல்கிறார். சொல்லிவிட்டு, அந்த இலட்சியத்தை வரையறுப்பது எளிது, அதை அடையும் வழியைச் சொல்வதுதான் கடினம் என்று உடனே கைவிரித்தும் விடுகிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இரண்டாவது வாக்கியத்தால்தான்.

மூன்றாவது வாரம்: குறைத்தேன்

அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். மொத்தமே இருபது நிமிடம், ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு. வீட்டுக் கல்வி பற்றிப் படிப்பவர்கள் எப்படியும் வந்து சேரும் பெயர் ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923). பாடங்கள் சின்னதாக இருக்கட்டும், ஒரே ஒருமுறை வாசி, பிறகு பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும் என்பது அந்த அம்மையாரின் வழி. ஒரே முறைதான் என்று தெரிந்தால் காது தானாகத் தீட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. கதைக்கும் உரைநடைக்கும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கவிதைக்கு மட்டும் ஒத்துவரவில்லை. கவிதையைத் தினமும் வாசித்தேன். ஆனால் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்தினேன். இந்தப் பத்து வாரத்தில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

எடுத்த பாட்டு, குறுந்தொகையில் 25ஆவது, கபிலர் பாடியது. ஐந்தே வரி என்பதால்தான் எடுத்தேன். ஒருவன் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் வேறு யாருமில்லை. நாளைக்கு அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் அந்தப் பெண். அங்கே இருந்தது ஒரு குருகு, கொக்கு மாதிரி ஒரு நீர்ப்பறவை. தினையின் தாளைப் போன்ற, சின்னதாய்ப் பசிய கால்கள் அதற்கு. ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. (காதலைப் பாடும் அகப்பாட்டை ஏழு வயதுக்காரனுக்குச் சொல்லும்போது கொஞ்சம் பூசி மெழுகத்தான் வேண்டியிருக்கிறது.)

செவ்வாய், புதன் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை வாசித்து முடித்ததும் மகன் சொன்னான்: "அப்போ அது சாட்சியே இல்லம்மா. அது மீனைத்தானே பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

விளக்குவதற்கு என்று வைத்திருந்த குறிப்பை மூடிவைத்தேன். பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் கவனம் இங்கே இல்லை. அந்தப் பெண்ணின் தவிப்பே அதில்தான் இருக்கிறது. அதை அவன் தானே எடுத்துவிட்டான். மகளுக்கோ கால் மேல்தான் கண். வெளியே போய் ஒரு புல் தண்டைப் பறித்துவந்து வைத்துக்கொண்டு குருகின் காலை வரைந்தாள். "இதை எழுதினவர் ரொம்ப நேரம் பார்த்திருக்கணும்" என்றாள். வெள்ளிக்கிழமை பார்த்தால் இருவருக்கும் பாட்டு மனப்பாடம். யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம்: காலியான எண்ணிக்கை

இசைப் பக்கம் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தது. பாட்டை ஓடவிட்டுக் கேட்கச் சொன்னால் கவனிக்க அவர்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. சரி, தாளத்திலிருந்து தொடங்குவோம் என்று ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்தேன். எட்டு எண்ணிக்கை. முதல் நான்கு லகு: ஒரு தட்டு, மூன்று விரல். அடுத்த நான்கு இரண்டு திருதம்: தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு (வீச்சு என்றால் கையைத் திருப்பிப் போடுவது). மகன் ஒரு நாளில் பிடித்துக்கொண்டான். மகளுக்கு மோதிர விரல் வரவேண்டிய இடத்தில் நடுவிரலே இரண்டு முறை வந்தது. இரண்டு நாள் கோபம்.

வெறும் தாளம் போட்டுச் சலித்தபோது அதன் மேல் ஒரு குறளைச் சொல்லிப் பார்த்தோம். எண்ணிக்கைக்கு ஒரு சீர், அதாவது செய்யுள் அடியின் ஒரு துண்டு. குறளுக்கு முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவது அடியில் மூன்று. நான்கு சீர் லகுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்ச மூன்றும் தட்டு, வீச்சு, தட்டு என்று முடிய, கடைசி வீச்சுக்குச் சொல்லே இல்லை. எட்டாவது எண்ணிக்கை காலி.

இந்தக் காலி இடம் மகனுக்கு எதனாலோ பிடித்துப்போனது. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு, பெரிதாகக் கையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவான். குறளின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடியும் என்று பள்ளியில் நானும் படித்திருக்கிறேன், மதிப்பெண்ணுக்காக. அந்தச் சின்னச் சீருக்குப் பிறகு ஓர் எண்ணிக்கை மூச்சு விட்டால் குறள் எப்படி இறங்கி நிற்கிறது என்பதை அப்போதுதான் காதால் கேட்டேன்.

அதோடு விடவில்லை. மகள் பழைய குருகுப் பாட்டைத் தட்டிப் பார்க்கலாம் என்றாள். ஒரு வரிக்கு நான்கு தட்டு. முதல் மூன்று வரி சரியாக வந்தது. நான்காவது வரியில் ஒரு தட்டு மிஞ்சியது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் மிஞ்சியது. "நான் எதையோ விட்டுட்டேன்" என்றாள். விடவில்லை. இந்தப் பாட்டின் வகை நேரிசை ஆசிரியப்பா; அதில் கடைசிக்கு முந்தைய அடிக்கு மூன்றே சீர், இது இலக்கணம். ஆனால் இந்தப் பாட்டில் அந்த மூன்று சீர் அடி எது தெரியுமா? குருகு ஓடும் நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அடி. "பார்க்கும்" என்று சொல்லி முடித்ததும் ஒரு தட்டு வெறுமையாக நிற்கிறது.

"மீன் வரல, அதான்" என்றான் மகன்.

கபிலர் திட்டமிட்டுத்தான் அப்படி வைத்தாரா, யாப்பு அமைந்த விதமா என்றெல்லாம் நான் வாதாட மாட்டேன். இந்தப் பாட்டை எத்தனையோ முறை கண்ணால் படித்திருக்கிறேன். கை தட்டிய பிறகுதான் அந்த இடம் பிடிபட்டது.

ஏழாவது வாரம்: கறுப்புக் கட்டைகள்

வீட்டில் தூசி படிந்து கிடந்த சின்ன கீபோர்டை எடுத்தோம். எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, ஆகவே கறுப்புக் கட்டைகள் மட்டும். மூன்று சேர்ந்திருக்கிற கூட்டத்தின் முதல் கட்டையை ஸ என்று வைத்து வரிசையாக மேலே போனால் ஸ ரி க ப த, அதாவது மோகன ராகம். தவறாக வாசிக்க வழியே இல்லை, ஏழு வயதுக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டாம்.

வேடிக்கை அடுத்த நாள். அதே ஐந்து கட்டைகள்தான், தொடங்கும் இடத்தை மட்டும் ஒன்று தள்ளினால் மத்தியமாவதி. இன்னும் ஒன்று தள்ளினால் இந்தோளம். அதற்கடுத்து சுத்த சாவேரி, பிறகு சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று இதற்குப் பெயர். பெயர்களையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வித்தியாசம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

கேட்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள் இருவரும். எனக்குமே, உண்மையைச் சொன்னால், அரைகுறையாகத்தான் கேட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: சுருதி இல்லை, ஸ எது என்று காட்டிப் பின்னால் விடாமல் ஒலிக்கும் ஒலி இல்லை. கைபேசிச் செயலியில் சுருதியைப் போட்டு, ஸ எங்கே இருக்கிறதோ அந்தக் கட்டையோடு அதைச் சேர்த்துவைத்தேன். சுருதியை மாற்றி மாற்றி அதே கட்டைகளை வாசித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இந்தோளம் வந்ததும் மகள் "இது சாயங்காலம்" என்றாள். மோகனத்துக்கு அவன் வைத்த பெயர் "ஜெயிச்ச பாட்டு". அவை சரியா என்று கேட்காதீர்கள். முதல் வாரம் "பாட்டு" என்று மட்டும் சொன்ன ஆள் இவன்.

இசையைப் பின்னணியில் ஓடவிடுவதை இந்த வாரத்தோடு நிறுத்திவிட்டோம். கேட்பதென்றால் உட்கார்ந்து கேட்பது, ஐந்து நிமிடமானாலும்.

எட்டாவது வாரம்: காதால் ஒரு வரைபடம்

மௌனத்தைக் கடைசிவரை ஒத்திப்போட்டிருந்தேன். மூச்சைக் கவனிப்பது எங்களுக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் மௌன விளையாட்டை முயன்றோம். எல்லோரும் அசையாமல் இருக்க, பெரியவர் தூரத்திலிருந்து கிசுகிசுப்பாக ஒவ்வொரு பிள்ளையின் பெயராக அழைப்பார். அழைக்கப்பட்டவர் சத்தமில்லாமல் எழுந்து வரவேண்டும். அங்கே ஒரு வகுப்பே இருக்கும், எங்களிடம் இருப்பது இரண்டு பேர். இரண்டே நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

நிலைத்தது வேறொன்று. கனடா நாட்டு இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் 1960களில் தன் மாணவர்களுக்குக் 'காது சுத்தம் செய்யும்' பயிற்சிகள் கொடுத்தார். அவற்றில் ஒன்று, சும்மா உட்கார்ந்து காதில் விழும் சத்தங்களையெல்லாம் எழுதுவது. அதை நாங்கள் வரைபடமாக மாற்றிக்கொண்டோம். தாளின் நடுவில் ஒரு புள்ளி, அது நான். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறதோ அங்கே ஒரு குறி. ஐந்து நிமிடம்.

முதல் நாள் மகன் குறித்தது நான்கு: மின்விசிறி, பறவை, வண்டி, அக்கா. வாரக் கடைசியில் பதினொன்று. அவன் பென்சில் தாளில் உரசும் சத்தமும் அதில் ஒன்று.

அந்த வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம்தானே என்று நான் கைபேசியில் ஒரு செய்திக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மகனின் தாளை வாங்கிப் பார்த்தேன். புள்ளிக்கு மிக அருகில் ஒரு பறவைப் படம், குச்சிக் கால்களோடு. வெளியே குருவியா என்றேன். இல்லை என்று என்னைக் காட்டினான். "நீதாம்மா குருகு. இங்கேதான் நிக்கிற, மீன் பார்த்துக்கிட்டிருக்க."

மகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தேன். சுருதி போடும் நேரம் தவிர இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து நானும் ஒரு தாள் எடுத்துக்கொண்டேன். எனக்கு முதல் நாள் கிடைத்தது ஆறு சத்தம். மகனைவிட ஐந்து குறைவு என்பதை அவன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

பத்தாவது வாரம்: இப்போது

பெரிய மாற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. கணக்கில் இன்னும் "அடுத்து என்ன?" வருகிறது. தாளம் போட்டால் குறள் நிற்கிறது, பெருக்கல் வாய்ப்பாடு நிற்கவில்லை. முயன்று பார்த்துவிட்டேன். வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடமும் வீணாகப் போகிறது, பெரும்பாலும் திங்கட்கிழமை. அன்று பாட்டை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

வாரம் ஒரு பாட்டு என்பதைச் சில சமயம் இரண்டு வாரம் ஆக்கியிருக்கிறேன். பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். வேலை தாமதமாவது போல எனக்குத்தான் உறுத்துகிறது.

மகள் இப்போது எந்தப் பழம்பாட்டைப் பார்த்தாலும் பொருளுக்கு முன்னால் தட்டிப் பார்க்கிறாள், கடைசிக்கு முந்தைய வரியில் காலி இடம் இருக்கிறதா என்று. நேற்று ஒரு பாட்டில் கடைசிவரை எல்லா வரிக்கும் நான்கு சீர். நிலைமண்டில ஆசிரியப்பா, அது அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தள்ளிவைத்தாள்.

"இதுல குருகு எங்கம்மா நிக்கும்?"