நாளைய சோறு இன்றைக்கே

இயேசு தம் சீஷருக்குக் கற்பித்த ஜெபத்தில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று ஒரு வரி வருகிறது. இதில் 'ஆகாரம்' என்றால் என்ன என்று குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன்னால் நிற்கிற சின்ன அடைமொழிதான் இன்றுவரை யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. கிரேக்கத்தில் அது எபியூசியோஸ். புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 என்று இரண்டே இடத்தில் வருகிறது, இரண்டும் இதே ஜெபம். கிரேக்கத்திலேயே படித்து கிரேக்கத்திலேயே எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், 3ஆம் நூற்றாண்டிலேயே, இந்தச் சொல் எந்த எழுத்தாளரிடமும் இல்லை, சாதாரண ஜனங்களின் பேச்சிலும் இல்லை, சுவிசேஷங்களை எழுதியவர்களே உண்டாக்கியதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவருக்கே தெரியாதது நமக்கு எங்கே தெரியப்போகிறது!

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். அம்மா வழி சிஎஸ்ஐ (புராட்டஸ்டண்ட் சபை), அப்பா வழி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), அதனால் துக்க வீட்டில் எல்லோரும் சேர்ந்து இந்த ஜெபத்தைச் சொல்லும்போது ஒரு பக்கம் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்றும் இன்னொரு பக்கம் 'எங்கள் அன்றாட உணவை' என்றும் போகும், அதற்கப்புறம் ஆர்.சி. பக்கம் ஆமென் சொல்லி முடித்துவிட்டு, சிஎஸ்ஐ பக்கம் கடைசியில் சேர்த்துச் சொல்கிற 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' ஓயும்வரை காத்திருக்கும். வேண்டியதா, அன்றாடமா? இரண்டுமே அந்த ஒரே சொல்லுக்கு வந்த தமிழ்தான்.

வெறும் 'அன்றாட' என்று சொல்ல கிரேக்கத்தில் நல்ல சொல் இருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துவது. யாக்கோபு 2:15இல் 'அநுதின ஆகாரமில்லாமலும்' என்று படிக்கிறோமே, அங்கே இருப்பது எஃபேமெரோஸ். அதை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒன்று?

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எபி முன்னொட்டு, அதில் சந்தேகமில்லை. பின்பாதியில்தான் சண்டை. 'ஊசியா', அதாவது இருப்பு, உள்பொருள் என்று எடுத்தால் உயிர் தரிக்கத் தேவையான அப்பம். 'வருகிற' என்ற வினையிலிருந்து எடுத்தால் வரும் நாளுக்கான அப்பம். கிரேக்கத்திலும் புணர்ச்சி விதி உண்டு, உயிரெழுத்துக்கு முன்னால் எபியின் இகரம் பெரும்பாலும் கெட்டுவிடும் (எபி, ஊரானோஸ் சேர்ந்தால் எபூரானியோஸ்), அப்படிப் பார்த்தால் முதல் வழியில் எபூசியோஸ் என்றுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் விதிவிலக்கும் இருப்பதால் இதை வைத்து மட்டும் வழக்கை முடிக்க முடியாது.

ஒரு காலத்தில் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்றில், யாரோ எழுதிவைத்த செலவுக் கணக்கில், இந்தச் சொல்லின் முன்பாதி இருப்பதாக சேஸ் என்ற அறிஞர் படித்து 1889இல் அச்சிட்டார். மளிகைச் சீட்டில் வருகிற சொல் என்றால் அன்றாடப் படி என்றுதானே அர்த்தம்! அகராதிகளிலும் ஏறிவிட்டது. சரிபார்க்கலாம் என்றால் பாப்பிரஸைக் காணோம். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு, காணாமல்போன துண்டுச் சீட்டை நம்பித்தான் வாதம் நின்றது. கடைசியில் அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருப்பது தெரிந்தது, மறுபடி படித்துப் பார்த்து 1999இல் வெளியிட்டார்கள். அந்த இடத்தில் எழுதியிருந்தது எண்ணெய் என்ற சொல்! ஓரிகன் சொன்ன இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் செய்தது இன்னும் வேடிக்கை. லூக்காவில் 'அன்றாட' என்று போட்டுவிட்டு, அதே சொல்லுக்கு மத்தேயுவில் 'பொருளனைத்துக்கும் மேலான' என்று ஒரு கனத்த சொல்லைப் போட்டார். நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாகக் கோயிலில் வாங்கும் அப்பத்தை, நினைத்துப் படிப்பவர்களுக்கு அது வசதி. எனக்கு அது ரொம்ப உயரத்தில் இருக்கிறது. அவரே வேறொரு தகவலும் எழுதிவைத்திருக்கிறார்: எபிரெயர் நற்செய்தி என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மஹர்', அதாவது நாளை, என்று இருந்ததாம்.

நான் அந்த 'நாளை' பக்கம்தான். எங்கள் ஊர்ப்பக்கம் சின்னத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்கு சாயங்காலம் கையில் கூலி கிடைக்கும். அங்கிருந்து நேராகக் கடை, அரிசி, கொஞ்சம் பருப்பு, தீப்பெட்டி. விடியற்காலைப் பனியில் கிளம்புமுன் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போகிற சோறு முந்தின நாள் மாலையே வீடு வந்துசேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் அடுப்பு எரியாது. இயேசு நடமாடிய கலிலேயாவிலும் நாட்கூலிதான். மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்துக்காரன் சாயங்காலம்தான் ஆளுக்கு ஒரு பணம் கொடுக்கிறான், உபாகமம் 24:15 பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறது, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் வாயில் 'வரும் நாளின் அப்பத்தை இன்று தாரும்' என்பது பேராசையே இல்லை.

இந்த ஜெபம் வருகிற மத்தேயு 6ஆம் அதிகாரத்திலேயே 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று வருகிறதே, முரண்படவில்லையா என்று என் சித்தப்பா விடாமல் கேட்பார். கவலைப்படாமல் படுக்க வேண்டுமென்றால் பானையில் அரிசி இருக்க வேண்டும் சித்தப்பா.