ஆற்றங்கரையில் அறுபது ஏக்கர்

டெக்சாஸில் ஹில் கன்ட்ரி பக்கம் நிலம் விற்பவர்கள் விளம்பரத்தில் 'லைவ் வாட்டர்' என்று போட்டுவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். வற்றாத தண்ணீர் என்று அர்த்தம். போன சனிக்கிழமை நாங்கள் பார்க்கப் போனதும் அப்படி ஒன்றுதான். ஆஸ்டினிலிருந்து இரண்டு மணி நேரம், மேசன் பக்கம், லானோ ஆற்றங்கரையில் அறுபது ஏக்கர்.

கேட்டைத் தாண்டியதும் மேடெல்லாம் லைவ் ஓக் மரங்கள், கிளைகள் தரையைத் தொடுகிற மாதிரி. அடியில் ஏழெட்டுப் புள்ளிமான்கள். ஆமாம், கிண்டியில் பார்க்கிற அதே புள்ளிமான்தான். 1930களில் இங்கே கொண்டுவந்து விட்டது பெருகி, இப்போது தொல்லை என்று சுட்டுத் தின்கிறார்கள். என் மனைவி அங்கேயே பாதி மனசு கொடுத்துவிட்டாள். மாடு விட்டிருப்பதால் விவசாய நிலக் கணக்கில் வரியும் குறைவு.

வேலியோரம் மட்டும் ஐந்து மரங்கள் வரிசையாக மொட்டையாக நின்றன. கீழே கிடந்த ஒரு இலையை எடுத்துப் பார்த்தேன், நரம்பு மட்டும் பழுப்பு, இடையில் இன்னும் பச்சை. ஓக் வில்ட். பூஞ்சை நோய், பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதற்குப் பயந்துதான் பிப்ரவரி முதல் ஜூன் வரை இங்கே ஓக் மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள், மற்ற மாதங்களில் வெட்டினாலும் வெட்டிய இடத்தில் உடனே பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஏஜென்ட் "வறட்சி" என்றார். சரி என்று இலையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆற்றில் இறங்கி நின்றுகொண்டு ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா முதல் கேள்வியே, "மோட்டார் போட்டு இறைக்கலாமாடா?"

"வீட்டுக்கு, மாட்டுக்கு எடுக்கலாம்ப்பா. பாசனத்துக்குன்னா பெர்மிட் வேணும், ஆத்துத் தண்ணி அரசாங்கத்துது."

"நீ நிக்கிற எடம்?"

"அதுவும் அரசாங்கத்துதுதான். யார் வேணும்னாலும் படகுல வரலாம், மீன் பிடிக்கலாம்."

"அப்ப புறம்போக்குன்னு சொல்லு." சிரித்துக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஆனால் பூமிக்கடியில் இருக்கிற தண்ணீர் நிலத்துக்காரனுக்குச் சொந்தம், ஆற்றில் கை வைக்க முடியாதவன் போர் போட்டு உறிஞ்சலாம். இந்தச் சட்டத்தை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பும்போதுதான் அந்த பீக்கன் மரத்தைப் பார்த்தேன். கவட்டையில் காய்ந்த நாணல், கம்பி வேலித் துண்டு, ஒரு நீல பிளாஸ்டிக் வாளியின் பாதி, எல்லாம் சுருட்டித் திணித்த மாதிரி. நான் கையை உயர்த்தினாலும் இன்னும் ஒரு ஆள் உயரம் மேலே. ஆற்றின் மேல்வாட்டமெல்லாம் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் ஒரு சாண் மண். பெரிய மழை பெய்தால் ஊற இடமில்லாமல் அப்படியே ஆற்றில் இறங்கிவிடும். 2018 அக்டோபரில் இதே லானோதான் கிங்ஸ்லண்டில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலையில் தெற்கே குவாடலூப்பே ஆறு விடிவதற்குள் எடுத்த உயிர்கள் நூறுக்கும் மேல். அந்த வாரம் நாங்கள் டிவியை அணைக்கவே இல்லை.

வீடு கட்டுவதற்கென்று ஏஜென்ட் காட்டிய சமதளம் அந்த மரத்திலிருந்து முப்பது அடிகூட இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து மெசேஜ், வேறு ஒரு பார்ட்டியும் பார்க்கிறார்களாம், சீக்கிரம் சொல்லுங்கள் என்று. 2018-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். இன்று வியாழன், இன்னும் பதில் இல்லை.