வார்டு தரையில உருண்ட பாதரசம்

பிரசவ வார்டுல நான் சேர்ந்து ரெண்டு வருஷம் இருக்கும், ஒரு நாள் ராத்திரி டூட்டில ட்ராலிய வேகமா தள்ளிட்டுப் போனதுல பிபி மெஷின் கீழ விழுந்து ட்யூப் உடைஞ்சிடுச்சு. பாதரசம் மொசைக் தரை முழுக்க மணி மணியா செதறி கட்டில் அடியெல்லாம் ஓடிருச்சு. ஆயாம்மா உடனே தொடப்பத்த எடுத்துட்டு வந்து கூட்டுனாங்க. கூட்டக் கூட்ட ஒரு உருண்டை பத்தா ஆச்சு. நானும் குனிஞ்சு கையாலயே கொஞ்சம் பொறுக்குனேன். மிச்சத்த பக்கெட் தண்ணி ஊத்தி பாத்ரூம் ஓட்டையில தள்ளி விட்டோம். அரை மணி நேரத்துல வார்டு சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சோம்.

கைய கழுவுறப்ப தான் பாத்தேன், என் மோதிரம் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்துப் போயிருந்துச்சு. ஆசாரிகிட்ட கொண்டு போனா, "பாதரசம் ஏறியிருக்கும்மா, சூடு காட்டுனா போயிடும்"னு கடைக்குள்ளயே காட்டிக் குடுத்தாரு. அங்கேர்ந்து போன பாதரசம் எங்க போச்சுன்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு ட்ரெய்னிங்ல தான் புரிஞ்சுது. பாதரசத்த முழுங்குனா வர்ற ஆபத்த விட அதோட ஆவிய சுவாசிக்கிறது தான் பெரிய ஆபத்து, ஏன்னா முழுங்குனது குடல்ல பெருசா ஏறாது, ஆனா உள்ள இழுக்குற ஆவில சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியா உடம்புல தங்கிடும். வாசனை கெடையாது, கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏற ஏற ஆவி அதிகமாகும். ஒரு தர்மாமீட்டர்ல ஒரு கிராம் கிட்ட தான் இருக்கும், பிபி மெஷின்ல 80லேர்ந்து 100 கிராம் வரைக்கும். அன்னிக்கு ராத்திரி அந்த வார்டுல நெறமாசமா படுத்திருந்தவங்க மூஞ்சிங்க ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.

அந்த ட்ரெய்னிங்ல தான் மினமாட்டா பத்தியும் கேட்டேன். ஜப்பான்ல கடலோர ஊரு. கெமிக்கல் ஃபாக்டரி கழிவுத்தண்ணில வந்த மீத்தைல் பாதரசம் (இது வேற வகை, முழுங்குனாலே குடல் வழியா உடம்புல ஏறிடும்) மீன்ல சேர்ந்து, மீன் தின்ன பூனைங்க வெறி புடிச்ச மாதிரி சுத்தி விழுந்து செத்துச்சு, அப்புறம் மனுஷங்களுக்கு கை கால் இழுத்துச்சு. 1956 மே 1ல தான் அந்த நோய முதல்ல அதிகாரப்பூர்வமா பதிவு பண்ணாங்க. அதே 1956ல அங்க பொறந்த ஷினோபு சகமோட்டோ வயித்துலேயே பாதிக்கப்பட்டவங்க. தாய் தின்ன மீன்லேர்ந்து நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைக்குப் போயிருக்கு. பிரசவ வார்டுல நிக்கிறவளுக்கு இத சாதாரணமா கேட்டுட்டுப் போக முடியல. ஷினோபு சின்னப் பொண்ணா 1972ல ஸ்டாக்ஹோம்ல நடந்த ஐநா மாநாட்டுக்குப் போனாங்க, 2017ல பாதரச ஒப்பந்தத்தோட முதல் கூட்டத்துக்கு ஜெனீவா போயும் பேசுனாங்க. நடுவுல 45 வருஷம்.

அந்த ஒப்பந்தம் தான் மினமாட்டா ஒப்பந்தம். 2013 அக்டோபர்ல குமமோட்டோல ஏத்துக்கிட்டாங்க, 2017 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, இந்தியா 2018ல உறுதி பண்ணுச்சு. பாதரச தர்மாமீட்டரும் பிபி மெஷினும் 2020க்கு அப்புறம் செய்யக்கூடாது, ஏத்துமதி இறக்குமதி கூடாது, கேட்ட நாட்டுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் குடுத்தாங்க.

எதுக்கு எல்லா நாடும் சேர்ந்து உக்காரணும், அவங்கவங்க நாட்டுல தடை பண்ணா பத்தாதான்னு யாராச்சும் கேட்டா நான் கொடைக்கானல தான் சொல்லுவேன். அமெரிக்காவுல மூடுன தர்மாமீட்டர் ஃபாக்டரியோட மெஷினத்தான் இங்க மலைக்கு மேல கொண்டு வந்து ஓட்டுனாங்க. பாதரசம் கலந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில கெடந்தது வெளிய வந்து, 2001ல ஃபாக்டரிய மூடி, 2003ல அந்தக் கழிவ அமெரிக்காவுக்கே கப்பலேத்தி அனுப்புனாங்க. ஒரு ஊர்ல வேணாம்னா இன்னொரு ஊருக்குப் போகுது, அவ்ளோ தான். அதுனால தான் ஏத்துமதிய தடுக்குற அந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியுது.

வார்டுல மாத்துனது சுலபமா நடக்கல. டிஜிட்டல் வந்துச்சு, செல் தீந்தா மாத்த ஆளில்ல. டயல் வச்ச பிபி மெஷின அப்பப்ப சரி பாக்கணும், இல்லேன்னா தப்பா காட்டும், பிரசவத்துல பிபி தப்பா காட்டுனா உயிர் போகும். அதான் பெரிய டாக்டர்ங்க பழசையே கேட்டாங்க, அவங்க பயத்துல நியாயம் இருந்துச்சு. சரிபாக்குறதுக்குன்னு தேதி போட்டு ஒரு நோட்டு வச்சப்புறம் தான் கொஞ்சம் கொஞ்சமா நம்புனாங்க.

பழைய மெஷினுங்கள எங்க வைக்கிறதுன்னு தான் சண்டையே. ஒருத்தர் பக்கத்து கிளினிக்குக்கு குடுத்துடலாம்னாரு, இன்னொருத்தர் காயலான் கடைக்குன்னாரு. நான் முடியவே முடியாதுன்னு நின்னேன், கொடைக்கானல் கதைய தான் திரும்பவும் சொன்னேன். கடைசில அட்டப்பொட்டில போட்டு லேபிள் ஒட்டி ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சோம், எடுத்துட்டுப் போகச் சொல்லி லெட்டர் போட்டிருக்கோம்.

ஆயாம்மாவுக்கு நானே சொல்லிக் குடுத்தேன். தொடப்பம் கூடாது, ஃபேன நிறுத்தணும், ஜன்னல தொறக்கணும், வளையல் மோதிரம் கழட்டி க்ளவுஸ் போடணும், ரெண்டு அட்டையால உருண்டைங்கள ஒண்ணா ஒதுக்கி சிரிஞ்சால உறிஞ்சி தண்ணி இருக்குற பாட்டில்ல விடணும், மேல தண்ணி நிக்கணும். கேட்டுட்டு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கூட்டியிருக்க மாட்டேனே சிஸ்டர்"னாங்க. பதில் சொல்ல முடியல.

அதுக்கப்புறம் உடைஞ்சதுல சேத்தது ரெண்டு பாட்டில் இருக்கு, அடியில வெள்ளியா ஒரு விரல் அளவு. தண்ணி வத்துனா ஆவி வெளிய வரும்னு மாசத்துக்கு ஒரு தடவ போய் பாத்து ஊத்திட்டு வர்றேன். எனக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தா சார்ஜ் குடுக்குற நோட்டுல இத முதல் வரியா எழுதணும்னு ஆயாம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.