ஆறு கேள்விக்குறிகள்

ஒரு கொல்லனை என்னோடு பேச வைக்கப் பதினோரு நாள் ஆனது. நிஜக் கொல்லன் இல்லை. நான் ராத்திரி விளையாடும் ஆன்லைன் சாகச விளையாட்டில் (ஆர்பிஜி), முதல் ஊரின் சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை போட்டிருக்கும் என்.பி.சி., அதாவது கணினியே இயக்கும் பாத்திரம். தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி மின்னும். பக்கத்தில் போய் எஃப் பொத்தானை அழுத்தினால் பேச வேண்டும். அழுத்துகிறேன், என் பக்கம் முகத்தைத் திருப்புகிறான், கேமரா அவன் முகத்துக்கு நெருங்குகிறது. அவ்வளவுதான். உரையாடல் பெட்டி வரவே இல்லை. எஸ்கேப் அடித்தும் வெளியே வர முடியாது, விளையாட்டையே மூட வேண்டும்.

விளையாட்டின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

கொல்லன் மட்டும் என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன். மளிகைக்காரியிடம் போனால் கடை திறக்கும், உள்ளே சாமான் ஒன்றும் இருக்காது. கீ பைண்டிங்கை (எந்தப் பொத்தான் எதைச் செய்யும் என்பதை) மாற்றி வைத்தால் அடுத்த முறை உள்ளே வரும்போது பழையபடி ஆகியிருக்கும். 'டபிள்யூ அழுத்தினால் முன்னே நடக்கலாம்' என்ற பாடம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓடும். நானூறு மணி நேரம் ஆடியவனுக்கு நடை பழக்குகிறார்கள்.

இந்தக் கடைசி இரண்டும்தான் உண்மையான துப்பு. செட்டிங் நிற்கவில்லை, பாடம் முடிந்தது நினைவில் இல்லை என்றால், விளையாட்டு எதையோ என் கணினியில் எழுத முயன்று தோற்கிறது என்று அர்த்தம். அதை அன்றைக்கே யோசித்திருந்தால் பத்து நாள் மிச்சம். நான் யோசிக்காததற்குக் காரணம், அதே வாரம் விளையாட்டுக்கு ஒரு பெரிய அப்டேட் வந்திருந்தது. அதே வாரம்தான் நானும் புது எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தேன். இரண்டு மாற்றம் ஒரே சமயத்தில் வந்தால் மனசு எப்போதும் அடுத்தவன் மேல்தான் பழி போடும். அப்டேட்டைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவில், சொன்னபோது முதலில் சிரிப்புதான். எங்கள் தலைவி மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் ஒரு அக்கா. "முத்து, அவனுக்கு உன்னைப் பிடிக்கலப்பா" என்றார். இன்னொருவன் 2005இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் நடந்த கதையை எடுத்துவிட்டான். பலர் கூடிப் போய்ச் சண்டை போடும் ஒரு பெரிய வில்லன் போட்ட ரத்தச் சாபம், வீரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக ஊருக்குள் நுழைந்து தொற்றுநோய் மாதிரி பரவிய பக், அதாவது நிரல் பிழை. நோய்ப்பரவலை ஆராய்கிறவர்கள் பிறகு அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். ஊருக்கெல்லாம் சரித்திரத்தில் இடம்பிடிக்கும் பக் வருகிறது, எனக்கு வாய் திறக்காத கொல்லன் வருகிறான்.

முதல் சந்தேகம் நெட் மேல். சர்வர் சிங்கப்பூரில், எனக்கு எப்போதும் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) ஐம்பது சொச்சம் மில்லிசெகண்ட். வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரையும் சோதிக்கும் வின்எம்டிஆர் போட்டுப் பார்த்ததில் நடுவில் ஒரு வரி நூறு சதவீத பாக்கெட் லாஸ், அதாவது அனுப்பியது எதற்கும் பதில் இல்லை என்று காட்டியது. உடனே நெட் கம்பெனிக்கு போன் போட்டு அரை மணி நேரம் கத்தினேன். அந்தப் பையன் பாவம். பிறகுதான் தெரிந்தது, நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் பல, இந்த மாதிரி சோதனைக்குப் பதில் சொல்வதே இல்லை. கடைசி வரியில் லாஸ் இல்லை என்றால் வழியில் எத்தனை சிவப்பு தெரிந்தாலும் கவலை இல்லை. என்னுடைய கடைசி வரி சுத்தமாகப் பூஜ்யம்.

அப்புறம் விளையாட்டுக் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். 'வணக்கம் சாகசவீரரே' என்று தொடங்கும் பதில் மறுநாள் வந்தது. ஃபைல்களை ரிப்பேர் செய், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பி, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு. செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பதில், முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஏற்று. 74 ஜி.பி. என்னுடையது 40 எம்பிபிஎஸ் இணைப்பு. நடுராத்திரி ஆரம்பித்தது விடியற்காலை முடிந்தது. பல்கூடத் தேய்க்காமல் கொல்லனிடம் ஓடினேன். முகத்தைத் திருப்பினான். கேமரா நெருங்கியது. அவ்வளவுதான்.

நடுவில் இரண்டு நாள் முகூர்த்த வேலை. நானும் சித்தப்பாவும் சிவகாசியில் வீட்டோடு சேர்ந்து டிடிபி (கணினி அச்சுக்கோர்ப்பு) கடை வைத்திருக்கிறோம், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை; ராத்திரி நான் விளையாடும் கணினியில்தான் பகலில் கடை வேலையும். திரும்பி வந்து பார்த்தால், 48 மணி நேரத்தில் பதில் இல்லாததால் டிக்கெட் மூடப்பட்டது என்று ஒரு மெயில். புதிதாகத் திறந்தேன். புது ஆள், 'வணக்கம் சாகசவீரரே, ஃபைல்களை ரிப்பேர் செய்து பார்த்தீர்களா?' இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: வேலை இருந்தாலும், 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி போட்டு டிக்கெட்டை உயிரோடு வைத்திருங்கள். மூடிவிட்டால் நீங்கள் செய்த அத்தனையும் அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லை.

ஒரு நாள் பொறுமை போய், சிபியூவைப் பைக்கில் கட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்கும் போனேன். கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். போன கார்டில் எப்படிக் கொல்லனின் மீசை முடிவரை தெளிவாகத் தெரிகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. பார்த்த கூலி 500 ரூபாய்.

ஆறாம் நாள்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அதே கணினியில் புதிதாக ஒரு கேரக்டர் உருவாக்கினேன், அதனிடமும் கொல்லன் பேசவில்லை. அப்படியானால் என் பழைய கேரக்டரின் குவெஸ்ட் (விளையாட்டில் தரும் பணி) சிக்கியிருக்கிறது என்பது இல்லை. பிறகு திருத்தங்கல்லில் இருக்கும் பெரியப்பா மகனின் லேப்டாப்பில் என் கணக்கைத் திறந்தேன். எஃப் அழுத்தினேன். கொல்லன் கடகடவென்று பேசினான்! கணக்கு சரி, சர்வர் சரி, அப்டேட்டும் சரி. கோளாறு என் வீட்டு மேசையில். "அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி கழிங்க" என்றான் தம்பி. உண்மையில் அதற்குள் எலுமிச்சம்பழத்தைத் தவிர எல்லாம் முயன்றுவிட்டேன்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று உண்டு. ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேரைத் தடுப்பதற்காக, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் தெரியாத மென்பொருள் எழுதுவதைத் தடுக்கும். செட்டிங் நிற்காத பலருக்கு இதுதான் வில்லன், அதனால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. எனக்கு அது ஆஃபிலேயே இருந்தது.

இதற்குள் சப்போர்ட்டிலிருந்து மூன்றாவது ஆள் வந்து, டிஎக்ஸ்டயக் அறிக்கையும் (கணினியின் விவரப் பட்டியல்), விளையாட்டு தான் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் ஃபைலும் கேட்டார். அனுப்புவதற்கு முன்னால் நோட்பேடில் திறந்து பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் புரியாதுதான். ஆனால் பத்திரிகையில் பிழை பார்த்துப் பழகிய கண், எந்தத் தாளைக் கொடுத்தாலும் தப்பு எங்கே என்று தேடும். ஒரே மாதிரியான வரி நூற்றுக்கணக்கில் இருந்தது. சி டிரைவ், யூசர்ஸ், பிறகு ??????, பிறகு டாக்குமென்ட்ஸ். பக்கத்தில் 'ஃபைலைத் திறக்க முடியவில்லை'.

ஆறு கேள்விக்குறி. என் யூசர் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில்.

விண்டோஸ் ஏற்றும்போது பெயர் கேட்டது. கூடுதலாக இன்னொரு கீபோர்டு வேண்டுமா என்றும் அதுவே கேட்டிருந்ததால் தமிழைச் சேர்த்து வைத்திருந்தேன். நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிறவன், சொந்தப் பெயரை எதற்கு ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்? 'முத்து' என்று தமிழிலேயே அடித்தேன். ஃபோல்டரும் அதே பெயரில் உருவானது. ஆனால் முத்து மூன்று எழுத்து, கேள்விக்குறி ஆறு. கொஞ்ச நேரம் குழப்பம். பிறகு விரல் விட்டு எண்ணினேன். ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி. ஆறு! உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பது எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஃபான்ட் மாற்றும்போதெல்லாம் அவற்றோடுதானே மல்லுக்கட்டுகிறோம்.

நடந்தது இதுதான். விண்டோஸ் பெயர்களை யூனிகோடில்தான் வைத்திருக்கிறது. இந்த விளையாட்டில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பழைய நிரல், ஃபோல்டரின் பெயரை யூனிகோடுக்கு முந்தைய ஆன்சி என்ற முறையில் கேட்கிறது. அந்த முறையில் ஒரு பட்டியல் உண்டு, பட்டியலில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி கிடைக்கும். ஜப்பானியருக்கும் சீனருக்கும் அவரவர் மொழிக்கு அப்படியொரு பழைய பட்டியல் விண்டோஸில் இருக்கிறது. தமிழுக்கு இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் உள்ளே வந்தபோது நேராக யூனிகோடாகவே வந்தது. இதில் கொடுமை, விண்டோஸில் ஃபைல் பெயரிலோ ஃபோல்டர் பெயரிலோ கேள்விக்குறி வரவே கூடாது. ஆக, உலகத்தில் இருக்கவே முடியாத ஒரு ஃபோல்டரைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கொல்லனின் வசனம் தற்காலிகமாக அங்கேதான் எழுதப்பட வேண்டும். எழுத இடம் இல்லை, அதனால் பேச்சும் இல்லை.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, பெயரை மாற்றினால் முடிந்தது என்று கன்ட்ரோல் பேனலுக்குப் போய் ஆங்கிலத்தில் மாற்றினேன். உள்ளே நுழையும் திரையில் பெயர் மாறியது, ஃபோல்டர் அப்படியே முத்துவாகவே நின்றது. இந்தப் பள்ளத்தில் விழாதீர்கள், அங்கே மாறுவது வெளிப்பலகை மட்டும்தான். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து ஃபோல்டர் பெயரை மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. கடைக் கணினியில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் லொகேஷன் என்ற பக்கத்தில், அதை டி டிரைவில் ஆங்கிலப் பெயருள்ள ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பாதி வெற்றி: கீ பைண்டிங் நின்றது, நடைப் பாடம் ஒழிந்தது. வேறு சில விளையாட்டுகளுக்கு இதுவே போதும். கொல்லன் மட்டும் மசியவில்லை, அவன் வசனம் அதே யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போகிறது போல.

அடுத்து ஒரு மந்திர டிக். ரீஜன் செட்டிங்கில், அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்தில், சிஸ்டம் லொகேல் மாற்றும் இடத்தில், யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8ஐ உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்து என்று 'பீட்டா' முத்திரையோடு ஒரு பெட்டி இருக்கும். டிக் செய்து ரீஸ்டார்ட் போட்டேன். எஃப் அழுத்தினேன். பேசினான்! ராத்திரி ஒன்றரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டினேன், வீட்டில் முழித்துக்கொண்டார்கள்.

காலையில் சித்தப்பாவிடமிருந்து போன். "டேய் முத்து, என்னடா செஞ்ச? 'நிகழும் மங்களகரமான' வரவேண்டிய இடத்துல கட்டம் கட்டமா வருது!" எங்கள் டிடிபி மென்பொருள் யூனிகோடு தெரியாத பழைய ஆள். அதன் ஃபான்ட்கள் தமிழ் எழுத்தை 128க்கு மேற்பட்ட எண்களில் ஒளித்து வைத்திருப்பவை. பட்டியலையே யூடிஎஃப்-8க்கு மாற்றியதும் அந்த எண்களுக்கு அர்த்தம் போய்விட்டது. நல்லவேளையாக அவர் எதையும் சேவ் செய்யவில்லை. ஓடிப்போய் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், பத்திரிகை உயிர் பெற்றது, கொல்லன் மறுபடி ஊமையானான். டிடிபி, பழைய பில்லிங், பழைய ஃபான்ட் என்று பிழைக்கிறவர்கள் அந்த டிக் பக்கமே போக வேண்டாம்.

கடைசியில் தீர்வு சப்பென்று இருந்தது. ஆங்கில எழுத்தில் இன்னொரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி, விளையாட்டுக்கு மட்டும் அதில் நுழைகிறேன். ஐந்து நிமிட வேலை. 74 ஜி.பி. மறுபடி இறக்க வேண்டியதும் இல்லை, விளையாட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொல்லன் பேசினான். வழக்கமாக வசனத்தைத் தள்ளிக்கொண்டே போகிறவன், அன்று அவன் தாத்தா காலத்து வாள் கதை முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். நன்றாகவே இல்லை.

இதற்கிடையே திருவிழா ஈவென்ட் ஒன்று முடிந்துபோனது. அதில் கிடைக்கும் வெள்ளைக் கடமானைச் சவாரிக்குக் கேட்டு எழுதினேன், லாக் வரிகளையும் காரணத்தையும் சேர்த்து. டெவலப்பர்களுக்கு அனுப்பிவிட்டோம், யூசர் ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தை மட்டும் பயன்படுத்தவும், முடிந்த ஈவென்டுக்குப் பரிசு தர இயலாது என்று பதில். டிக்கெட் படிவத்தில் பெயர் என்ற கட்டத்திலும் நான் தமிழில்தான் எழுதியிருந்தேன். அதுவரை யாரும் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை, எல்லாருக்கும் நான் சாகசவீரன்தான்.

நேற்று ஒரு மெயில் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த முறை பெயர் சொல்லியே அழைத்திருந்தார்கள்: 'அன்புள்ள ??????'.