ஐஸ் பேக் வியர்க்கட்டும்

தடுப்பூசி என்றதும் எல்லோருக்கும் வெயில் பயம்தான். மின்சாரம் நின்றால் பதறுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராகக் குளிர்சாதனப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் எனக்கோ உறைபனிதான் பெரிய பயம்.

வெப்பம் தடயம் விட்டுச் செல்லும். குப்பியில் வட்டத்துக்குள் இருக்கும் வெளிர் சதுரம் சூடு படப்படக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை ஒதுக்கிவிடலாம். உறைந்ததைச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி மருந்தில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அது திரண்டு மருந்தின் வீரியம் கெடும். உருகியபின் பார்வைக்குப் பழையபடியே தெரியும். தமிழ்நாட்டுக்கு 2011 டிசம்பரில் வந்த இந்த ஒரே ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமித் தொற்று என ஐந்து நோய்களுக்கானது. உறைந்த குப்பியிலிருந்து போட்டால் குழந்தைக்கு வலி மட்டுமே மிச்சம். தாயோ பாதுகாப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போவார்.

போலியோ சொட்டு மருந்து உறைந்தாலும் கெடாது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு எல்லா மருந்துக்கும் குளிர் கூடக் கூட நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மருந்தை வைக்க வேண்டிய குளிர்நிலை 2 முதல் 8 டிகிரி என்பதில் 8 நினைவிருக்கிறது, 2 மறந்துபோகிறது. தடுப்பூசிகளை வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்சாதனப் பெட்டியில் அடிப்பகுதிதான் கடுங்குளிர்; அதனால் பென்டாவேலன்ட்டை மேல் கூடையில்தான் வைப்பேன்.

தடுப்பூசி போடும் நாளான புதன்கிழமை காலைதான் சோதனை. டீப் ஃப்ரீசரிலிருந்து வெண்பனி படர்ந்து வரும், தண்ணீர் நிரப்பிய ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி எடுத்துச்செல்லும் கேரியரில் அடுக்கினால், அதையொட்டிய குப்பி உறைந்துபோகலாம். மேசையில் பரப்பிவைத்து, மேலே நீர் வியர்த்து, காதருகே குலுக்கும்போது உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். மார்கழியில் அது இன்னும் தாமதமாகும்.

"சார், அங்கன்வாடியில் அம்மாக்கள் வந்துவிட்டார்கள். அப்படியே வைத்துக் கொடுங்களேன்" என்றார் புதிதாக வந்த கிராம சுகாதார செவிலியர். அவர் அவசரம் நியாயமானது. கூலி வேலையை விட்டு வந்தவர்களை எவ்வளவு நேரம் உட்காரவைப்பது? ஆனாலும் கொடுக்கவில்லை. ஒரு பேக்கை அவர் கையிலேயே தந்து, "குலுக்கிப் பாருங்கம்மா, சத்தம் வந்ததும் கிளம்பலாம்" என்றேன். மறுவாரம் முதல் காலையில் சீக்கிரமே பேக்குகளை வெளியே எடுத்துவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

கேரியரைத் துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசேர்ப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பயிற்சிக்கு அவரையும் அழைக்கும்படி கூட்டங்களில் கேட்டு வருகிறேன்.